செவ்வாய்க்கு முளைத்த வால்

சென்ற மாதம் எங்கள் மில்லுக்கு ஒரு புகார் வந்தது. நான் அனுப்பின சிவப்பரிசியில் சாயம் கலந்திருக்கிறதாம். சென்னை வியாபாரி போனில் சொன்னார். குத்தாலம் வட்டாரத்தில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. வீட்டுக் கொல்லையில் இரண்டு டிரம் வைத்து நெல் அவித்து, தலையில் சுமந்து தெருத்தெருவாக அரிசி விற்றவள் நான். பிறகு வாடகைக் களம், பிறகு சொந்தக் களம், பிறகு மில். இன்றைக்குக் கறுத்த அரிசியைத் தானாகவே கண்டுபிடித்து ஊதித் தள்ளுகிற மெஷின் வரைக்கும் என் மில்லில் ஓடுகிறது. அப்பன் வீட்டுச் சொத்து ஒரு குழி நிலம் கிடையாது, புருஷன் வீட்டுச் சொத்தும் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை சம்பாதித்தது அத்தனையும். அந்த அரிசியிலா சாயம்?

மில்லில் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறேன். வேதியியலில் எம்.எஸ்.சி. படித்தவள். அவள் பதற்றப்படவில்லை. அரிசி கழுவின தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, வெள்ளைத் தாள் பட்டை ஒன்றின் அடிப்பக்கத்தில் பொட்டு வைத்தாள். பக்கத்தில் கடைச் சாயத்தைக் கரைத்து இன்னொரு பொட்டு. பட்டையை ஒரு கண்ணாடிக் குவளைக்குள் தொங்கவிட்டாள். நுனி மட்டும் தண்ணீரைத் தொட்டது. ஈரம் பூனை மாதிரி சத்தமில்லாமல் மேலே ஏறியது. சாயப் பொட்டுக்கு நீளமாக ஒரு வால் முளைத்து, அது பாதியில் இரண்டு நிறமாகப் பிரிந்தது. என் அரிசியின் பொட்டு வைத்த இடத்திலேயே நின்றது. நிற்காமல் என்ன செய்யும்?

இதற்கு ஒரு பெயர் உண்டு என்று அந்தப் பெண் சொன்னாள். நீளமான பெயர், என் வாயில் நுழையவில்லை. பேரை நீ வச்சுக்க, இந்த வேலைய நான் ஏழு வயசுலயே பண்ணிட்டேன் என்றேன். சிரித்தாள். சிரிக்கட்டும். அவள் காலேஜில் எத்தனையோ வால்களைப் பார்த்திருப்பாள். நான் பார்த்த வாலை அவள் பார்த்திருக்க முடியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். வீட்டில் நான்கே பேர். அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான என் அத்தை, நான். தாயும் தகப்பனும் போன பிறகு அத்தையை அப்பாதான் வளர்த்தார். அத்தைக்கு இருபத்தாறு வயதாகியிருந்தது. அந்தக் காலத்தில் இருபத்தாறு என்றால் பார்க்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். அத்தை நல்ல நிறம், நல்ல உயரம், பாடினால் மாடு மேய்வதை நிறுத்திவிட்டுக் கேட்கும். ஆனால் அவள் ஜாதகத்தில் செவ்வாய் எட்டாம் கட்டத்தில் இருந்தது. வருகிற மாப்பிள்ளை வீட்டார் சொஜ்ஜி சாப்பிடுவார்கள், பஜ்ஜி சாப்பிடுவார்கள், ஜாதகத்தை வாங்கிப் பார்ப்பார்கள், கைகழுவிக்கொண்டு போய்விடுவார்கள். எட்டில் செவ்வாய் இருக்கிற பெண்ணைக் கட்டினால் புருஷனின் ஆயுசுக்கு ஆகாது என்பது கணக்கு. எனக்கு அதெல்லாம் தெரியாது. கட்டம் என்றால் பாண்டி ஆடுகிற கட்டம் என்று நினைத்திருந்தேன். எட்டாவது கட்டத்தில் கால் வைத்துவிட்டால் ஆட்டம் போச்சு என்பது எனக்குப் புரியக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்து ஜோசியர் ஒருவர் இருந்தார். மைப்பொடிப் பொட்டலம் வாங்கித் தானே தண்ணீரில் கரைத்து, மொத்தமான சொரசொரப்புத் தாளில் எழுதுவார். அவர் கையெழுத்து நன்னிலத்திலிருந்து குத்தாலம் வரைக்கும் எல்லா ஜோசியர்களுக்கும் தெரியும். அவர் கையால் எழுதின கட்டம் என்றால் யாரும் பஞ்சாங்கத்தைத் திருப்பிச் சரிபார்க்க மாட்டார்கள். வேறு யார் எழுதிக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். அவரிடம் ஒரு கட்டத்தை மாற்றி எழுதித் தரச் சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுவார். அப்பா ஒருமுறை கேட்டுப் பார்த்து அனுப்பப்பட்டவர் என்பது பிற்பாடு அம்மா சொல்லித் தெரிந்தது.

அந்த வருடம் ஆனி மாதம், குத்தாலத்தில் உரக்கடை வைத்திருந்த ஒருவருக்கு அத்தையைக் கேட்டார்கள். நல்ல இடம். மாப்பிள்ளையின் தாயார் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினார். அந்த ஜோசியர் கைப்பட எழுதின ஜாதகம் வர வேண்டும், அதில் செவ்வாய் ஆகாத இடத்தில் இருக்கக் கூடாது, மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். அப்பா ஜோசியரிடம் போய்ப் புதிதாக ஒரு நகல் எழுதி வாங்கிவந்தார். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஜாதகத்தை வெளியே கொடுப்பதற்கு முன்னால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி மூன்று நாள் சாமி மாடத்தில் வைப்போம். அந்த மூன்று நாளில் வீட்டில் கெட்டது எதுவும் நடக்காவிட்டால் கொடுக்கலாம். ஒரு பாத்திரம் உடைந்தாலும் கொடுக்கக் கூடாது. சம்பந்தப்பட்ட பெண்ணும் அந்த மூன்று நாள் தெருவில் இறங்கக் கூடாது.

மாடத்தில் வைப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. தஞ்சாவூரில் ஒரு காலேஜில், ரசாயனம் படிக்கிற பிள்ளைகள் சோதனை செய்கிற கூடத்தில் அட்டெண்டர். கண்ணாடிக் குழாய் கழுவுவது, அடுப்பு பற்றவைப்பது, திராவகம் ஊற்றிக் கொடுப்பது அவர் வேலை. விரல் நுனியெல்லாம் கறுப்புக் கறை. நான் கழுவி வைக்கலேன்னா புரொபசருக்கு ஒரு வேலை ஓடாது என்பார். பெருமை பேசுவதில் நான் யாரைக் கொண்டிருக்கிறேன் என்று கேட்டால், அவரைத்தான்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மாமா எனக்கு முறை. அம்மா தலை வாரும்போதெல்லாம், மாமாவக் கட்டிக்கப்போற பொண்ணு இப்படியா பரட்டையா நிப்பா என்பாள். அத்தையும் சேர்ந்துகொண்டு, தஞ்சாவூர்ல போயி எனக்கு ஒரு பாய் போட்டு வையிடி, நானும் வந்துடறேன் என்று சீண்டுவாள். அவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு அது தீர்ந்துபோன விஷயம். மாமா என்னுடையவர். எத்தனை சீக்கிரம் வளர வேண்டும் என்பது ஒன்றுதான் பாக்கி.

அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டு, மாமா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவரச் சொன்னார். விதைநெல்லுக்கு மனு எழுத வேண்டுமாம். எடுத்துக் கொடுத்தேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து வெகுநேரம் குனிந்திருந்தார். அப்பா எழுதுவது ஆற அமரத்தான். நாலு வரி எழுதுவதற்குள் வேர்த்துவிடும். அன்றைக்கு அதைவிட அதிகமாக வேர்த்திருந்தது. பெரிய மனு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஜாதகம் மாடத்தில் ஏறியது. அம்மா கற்பூரம் காட்டினாள். அப்பா வழக்கத்தைவிட நீளமாக விழுந்து கும்பிட்டார்.

அதன் பிறகுதான் மாமா எனக்கு அந்த வித்தையைக் காட்டினார். காலேஜிலிருந்து ஒற்றுத்தாள் கொண்டுவந்திருந்தார். பட்டையாகக் கிழித்து, அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே, தன் பேனாவால் கறுப்பாக ஒரு பொட்டு வைத்தார். ஒரு டம்ளரில் கொஞ்சமாகத் தண்ணீர். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைக் குறுக்கே வைத்துத் தாளை அதில் மடித்துத் தொங்கவிட்டார். பொட்டு தண்ணிக்கு மேல நிக்கணும் பாப்பா, நனைஞ்சா காரியம் கெட்டுப்போவும் என்றார். நாங்கள் இருவரும் டம்ளருக்கு முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டோம். ஈரம் ஏறிவந்து பொட்டைத் தொட்டது. தொட்டதும் கறுப்பு அசைந்தது. தூங்குகிறவன் புரண்டு படுக்கிற மாதிரி அசைந்து, மெல்ல எழுந்து, மேலே நடக்க ஆரம்பித்தது. நடக்க நடக்க அதற்குள்ளிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். முதலில் மஞ்சள் ஓடியது. அதன் பின்னால் ரோஜா நிறம். எல்லோருக்கும் பின்னால், ஓட முடியாத பெரியவர் மாதிரி நீலம். கறுப்பு மட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை.

கறுப்பு எங்கே என்று கேட்டேன்.

“கறுப்புன்னு ஒருத்தரு அதுக்குள்ள இல்லவே இல்ல பாப்பா. இவங்க மூணு பேரும் நெருக்கியடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அவ்வளவுதான்.”

அன்று முழுவதும் நான் பார்த்த கறுப்பையெல்லாம் சந்தேகப்பட்டேன். காக்காயை, கரண்டியின் அடியை, அம்மாவின் கண் மையை, என் நிழலை.

மத்தியானம் சாய்கிற நேரத்தில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஆள் ஓடிவந்தான். மேட்டூரில் திறந்து இத்தனை நாள் கழித்து எங்கள் ஊர் தலைமதகைத் தொட்டிருந்தது. ஊரே கிளம்பியது. அம்மா மஞ்சளும் பூவும் எடுத்துக்கொண்டாள். அப்பாவும் மாமாவும் முன்னால் போனார்கள். அத்தை போகக் கூடாது. அவளுக்குத் துணையாக நானும் போகக் கூடாது. நான் தரையில் விழுந்து அழுதேன். புதுத்தண்ணீர் வருவதைப் போல ஒரு காட்சி இந்த உலகத்தில் இல்லை. பிளந்து கிடக்கிற வாய்க்காலின் மணலில் அது ஒரு பாம்புக்குட்டி மாதிரி தலையைத் தூக்கிப் பார்த்துப் பார்த்து வரும். முதலில் நுரை. நுரைக்குப் பின்னால் சருகு, வைக்கோல் துண்டு, எறும்புகள். அதற்கப்புறம் செம்மண் நிறத்தில் தண்ணீர். கடைசியில்தான் ஆழமும் இருட்டும் சேர்ந்த உண்மையான ஆறு. வறண்ட மணல் உஸ்ஸென்று ஒரு சத்தம் போட்டுக் குடிக்கும். அந்தச் சத்தத்தை இப்போதும் சில நாள் தூக்கத்தில் கேட்கிறேன்.

எல்லோரும் போன பிறகு அத்தை என்னைப் பார்த்து, அழாதே, நாம ஒரு வேலை செய்யலாம் என்றாள். கொல்லைக்குப் போய்ப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வைக்கோல்போரில் ஏறிவிட்டாள். இருபத்தாறு வயதுப் பெண். ஏறி உச்சியில் உட்கார்ந்து, கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் பார்த்தாள். தெருவில் இறங்கவில்லையல்லவா, ஆகையால் தப்பில்லை. என்னால் ஏற முடியவில்லை. என்ன தெரியுது என்று கீழேயிருந்து கத்தினேன்.

“எல்லாரும் எறும்பு மாதிரி தெரியறாங்கடி. ஒங்க மாமா மட்டும் நல்லாத் தெரியறாரு.”

மாமா உயரம், அதனால் தெரிகிறார் என்று நான் விளக்கம் சொன்னேன். ஆமா, ஒசரம் என்றாள் அத்தை. அதோடு என்னை மறந்துவிட்டாள்.

நான் உள்ளே வந்தேன். வீடு காலியாக இருந்தது. ஓட்டுச் சந்தில் வந்த வெயில் தரையில் காசு காசாகக் கிடந்தது. சாமி மாடத்தில் அந்தத் தாள் இருந்தது. கறுப்பு மை. அத்தையோட வாழ்க்கையே அந்தத் தாள்லதான் இருக்கு என்று அன்று காலையில்தான் அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியானால் அத்தையின் வாழ்க்கையைத் தண்ணீரில் தொங்கவிட்டால் என்னென்ன நிறம் வெளியே வரும்? மஞ்சள் வருமா, ரோஜா வருமா? இதைவிட முக்கியமான கேள்வி எனக்கு அன்றைக்கு எதுவும் இல்லை.

அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அகலமான குண்டான் ஒன்றை எடுத்தேன். அளவாகத் தண்ணீர் விட்டேன். இரண்டு ஈர்க்குகளை உருவிக் குறுக்கே வைத்தேன். தாளில் எழுத்தெல்லாம் மேல்பக்கமும் கட்டம் கீழ்ப்பக்கமும் இருந்தது, அதுவும் நல்லதாகப் போயிற்று. கட்டத்தின் கடைசி வரிசை தண்ணீருக்கு மேலே நிற்கிற மாதிரி, ஓரம் மட்டும் நனைகிற மாதிரி தொங்கவிட்டேன். மாமா சொன்ன சுத்தம் எதிலும் குறை வைக்கவில்லை. இன்றைக்கு அந்த எம்.எஸ்.சி. பெண்ணைச் செய்யச் சொன்னாலும் அதைவிட நன்றாகச் செய்துவிட மாட்டாள்.

பிறகு குண்டானுக்கு முன்னால் படுத்துக்கொண்டேன். ஈரம் ஏறியது. முதலில் மஞ்சள் தடவின மூலைகள் இரண்டும் கலங்கின. அப்புறம் கடைசி வரிசைக் கோடுகள் புகைந்தன. கட்டத்துக்குள் இருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. குருவுக்கு வால் முளைத்தது. புதனுக்கு முளைத்தது. கேதுவுக்கு முளைத்தது. நீலமும் பச்சையுமாக, மயில் தோகையைக் குட்டி குட்டியாக வெட்டி ஒட்டின மாதிரி. தூரத்தில் ஆற்றங்கரையில் குலவைச் சத்தம் கேட்டது. அங்கே மணலில் ஏறுகிற தண்ணீர்தான் இங்கே தாளில் ஏறுகிறதென்று எனக்கு ஒரு நினைப்பு. கிரகங்கள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகக் கரையேறிப் போவதைப் பார்த்துக்கொண்டே நான் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது தாள் பாதிக்கு மேல் ஊறியிருந்தது. எடுத்து அடுப்பங்கரையில் வெதுவெதுப்பான கல்லின் மேல் உலர்த்தினேன். அழகாக இருந்தது. மாமா வந்ததும் காட்ட வேண்டும் என்று காத்திருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லோரும் ஈரக் காலோடு திரும்பி வந்தார்கள். அத்தை அதற்கு முன்பே இறங்கி, தலையில் ஒரு வைக்கோல் துரும்பு ஒட்டிக்கொண்டிருப்பது தெரியாமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அம்மா மாடத்தில் விளக்கேற்றப் போனவள் அங்கேயே நின்றாள். தாள் எங்கே என்று கேட்கும்போது அவள் குரல் வேறு யாருடைய குரலோ மாதிரி இருந்தது. நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தேன்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாமி முன்னால் வைத்த தாளே கெட்டுப்போன பிறகு வேறு என்ன சகுனம் வேண்டும், குத்தாலத்து இடம் தகையாது என்று புலம்பினாள். அப்பா என்னைப் பார்த்தார். அப்பாவுக்கு அடிக்கக் கை சட்டென்று நீளும். முந்தின வாரம் லாந்தர் கண்ணாடியை உடைத்ததற்கு வாங்கின அடி இன்னும் காலில் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மாமாதான் நடுவில் வந்தார். கொடு பாப்பா பாக்கலாம் என்று தாளை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார். என்னைக் காப்பாற்றுவதற்காகவோ, தன் வித்தை பலித்ததில் வந்த சந்தோஷத்தாலோ, காலேஜில் புரொபசர் பேசுகிற மாதிரியே ஆரம்பித்தார். இது பாருங்க அத்தான், சோசியர் பொட்டலத்து மை, நீலம் பச்சை. இதுவும் நீலம் பச்சை. இதுவும் அதே. எல்லாம் ஒரே ஆளு. இது மட்டும் வேற…

அவர் விரல் கடைசி வரிசையில், ஒன்பதாம் கட்டத்தில் நின்றது. அங்கே இருந்த ‘செ’ என்ற எழுத்துக்கு மட்டும் வேறு வால். மஞ்சள், ரோஜா, நீலம். அதற்குப் பக்கத்தில் எட்டாம் கட்டத்தில் எழுத்தே இல்லை. ஆனால் பிளேடால் சுரண்டி நகத்தால் தேய்த்த இடம் ஒன்று, தண்ணீர் பட்டதும் பஞ்சாக உப்பியிருந்தது. மாமா அதையும் தொட்டுப் பார்த்தார். பேச்சை நிறுத்திக்கொண்டார்.

எனக்கு எதையாவது சரியாகச் சொல்லி நல்ல பேர் வாங்க வேண்டும்.

“இது மாமா பேனாவோட வாலு. நேத்து சாயங்காலம் அப்பாவுக்கு நாந்தானே எடுத்துக் குடுத்தேன்.”

யாரும் எனக்குச் சபாஷ் சொல்லவில்லை. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அத்தை களைந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டு அடுப்பங்கரை நிலைப்படியில் வந்து நின்றாள். தாளைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்காது. அவள் மிகவும் மெதுவாகப் பேசினாள்.

“எட்டுல இருந்ததத் தூக்கி ஒம்பதுல ஒளிச்சு வச்சிட்டீங்க. சரி. அங்க போனப்பறம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தா, நான் எங்கண்ணே ஒளிஞ்சுக்குவேன்?”

உனக்கு வயசு போய்க்கிட்டே இருக்கேம்மா என்றார் அப்பா. மாமா தாளை நாலாக மடித்து, எட்டாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு எல்லோரும் வெறும் மோர்ச்சோறு சாப்பிட்டோம்.

விடிந்ததும் மாமா தஞ்சாவூர் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டியவர், கிளம்பவில்லை. கிணற்றடியில் அப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்றார். தோய்க்கிற கல்லின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். மாமா தன் கறைபட்ட விரல்களையே பார்த்துக்கொண்டு பேசினார்.

“அத்தான், நான் தெனம் திராவகத்துல கைய விடறவன். செவ்வாய் வந்து என்னை என்ன பண்ணிடப் போவுது? எனக்கே குடுத்துருங்க.”

அப்பாவுக்குப் புரிய நேரமாயிற்று. வாயில் இருந்த வேப்பங்குச்சியை எடுத்துவிட்டு, ஜாதகம் பார்க்க வேண்டாமா மாப்ள என்று கேட்டார், பாவம், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.

“அதான் நேத்தே எல்லாருமா சேந்து பாத்துட்டமே அத்தான்.”

அம்மா உள்ளே போய் அத்தையைக் கேட்டாள். அத்தை மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கல்லை நிறுத்தவில்லை. அவரு கைக் கறை சோப்புப் போட்டாலும் போவாதா அண்ணி என்று மட்டும் கேட்டாள். போகாதென்றுதான் கேள்வி என்றாள் அம்மா. பரவால்ல என்றாள் அத்தை. கல் இன்னும் வேகமாகச் சுற்றியது.

நான் எல்லோருக்கும் நடுவில் போய் நின்று, அப்ப நான் என்று கேட்டேன். அம்மா சிரித்தாள். நேற்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் சிரித்திருக்கவில்லை. மாமா குனிந்து என் கன்னத்தைக் கிள்ளி, நீதான் தாளைக் கெடுத்துட்டியே பாப்பா, தாளக் கெடுத்த பொண்ண யாரு கட்டிக்குவா என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னார். நான் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் தாளைக் கெடுத்தேன், அதனால் அத்தைக்கு உரக்கடை மாப்பிள்ளை போனார். அந்த நஷ்டத்துக்கு ஈடாக என் மாமாவை எடுத்து அத்தைக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்பா என்னை அடிக்காததற்கும் அதுதான் காரணம். ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனை கிடையாதே. ஆனால் யோசிக்க யோசிக்க எனக்கு அது அநியாயமாகப் பட்டது. லாந்தர் கண்ணாடிக்கு நாலு அடி. ஒரு தாளுக்கு ஒரு முழு மாமாவா?

அடியாவது வரும் என்று பல நாள் காத்திருந்தேன். அப்பா என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார். ஒருமுறை சோற்றுத்தட்டைத் தட்டிவிட்டேன். ஒருமுறை வேண்டுமென்றே கன்றை அவிழ்த்துவிட்டேன். இரண்டுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த மனிதரின் கை எங்கே போயிற்று என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மறுவாரம் மாமாவும் அத்தையும் தஞ்சாவூருக்குக் கிளம்பினார்கள். அத்தை பஸ் ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள். ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொள்ளக் கூடாதா என்று நான் நினைத்தேன். கை காட்டவில்லை. பஸ் போன புழுதி அடங்கின பிறகு அப்பா வீட்டுக்கு வராமல் வயல்பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். வாய்க்கால் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. நட்ட பயிர் தலை நிமிர்ந்துவிட்டிருந்தது, காற்று அதன் மேல் படுத்துப் படுத்து எழுந்தது. அப்பா வரப்பில் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் கேட்டுவிட வேண்டியதுதான் என்று தோன்றியது. முன்னால் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

“அப்பா, என்னை இப்ப அடிச்சிடுங்க. மாமாவத் திருப்பிக் கேளுங்க.”

அப்பா என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தை வாய்க்கால் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. வெகுநேரம் குலுங்கியது. அப்பா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவர் தனியாகச் சிரிக்க வேண்டாமே என்று பக்கத்தில் உட்கார்ந்து நானும் சத்தம் போட்டுச் சிரித்தேன்.